தவிடு சுடுகிறது என்று சொன்னவள்

அபாயச் சரக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கடிதத்தில் என்னை 'நிபுணர்' என்று வேறு குறிப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனை நிபுணர் என்று அழைப்பது நம் தொழிலில் ஒரு மரபு. வேலையில் இருக்கும்போதே சொன்னால் சம்பளம் கூட்டிக் கேட்டுவிடுவான் அல்லவா?

உங்களிடம் தலையணை மாதிரி விதிப்புத்தகம் இருக்கிறது. வகைக்கு ஒரு நிறத்தில் லேபிள் இருக்கிறது. தூரத்தில் நின்றே சூட்டைச் சொல்லும் துப்பாக்கி இருக்கிறதாம். நாங்கள் நாகப்பட்டினத்தில் வேலை பார்த்த காலத்தில் எல்லாம் சுலபம். மண்டை ஓட்டுப் படம் போட்டிருந்தால் அபாயச் சரக்கு, போடாவிட்டால் நல்ல சரக்கு. இந்தச் சாஸ்திரத்தில் நான் கரைகண்டவன். அதனால்தான் ஒரு கப்பலைப் பயணிகளோடு சேர்த்துக் கொளுத்த இருந்தேன்.

கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரூபாய்க்குப் படியரிசி என்ற சுவரெழுத்து சுண்ணாம்புக்கு அடியிலிருந்து இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தஞ்சை ஜில்லா முழுக்கக் கூலித் தகராறு. ஒரு மிராசுதார் அரைப்படி நெல் கூட்டிக்கொடுக்க மாட்டேன் என்று வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவார். உள்ளூர் ஆட்கள் வயலில் கொடி நடுவார்கள். நடுவில் போலீஸ் வரப்பில் நின்று வெயில் காயும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் அப்பாவுக்கும் ஒன்றரை வேலி நிலம் உண்டு. அந்தத் தை மாதம் விளைந்த சம்பா அறுப்பு நின்றுபோய்ச் சாய்ந்து கிடந்தது. வாரத்துக்கு இரண்டு கார்டு போடுவார். கார்டு முழுக்க வசவுதான், எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கும். ஆக, கூலியாள் வாயைத் திறந்தாலே என்ன கேட்கப் போகிறான் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரியும் என்று நினைத்தேன்.

நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்கு கிளார்க். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளித்தான் நிற்கும். சரக்கும் ஆளும் தோணியில் போய் ஏற வேண்டும். நான் சொல்லும் கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருவது. கீழே சரக்கு, மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணிகள்.

அந்தத் தடவை வரும்போது வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து இருபது பீப்பாய் கொண்டுவந்தது. பீப்பாய்க்குப் பீப்பாய் மண்டை ஓடு. மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு மரியாதை கிடைக்காது. வழி நெடுக மணல் வாளி வைத்தோம். பீடி, நெருப்புப் பெட்டியையெல்லாம் பிடுங்கினோம். அபாயச் சரக்கு ஏற்றிய தோணியில் சிவப்புக் கொடி கட்ட வேண்டும் என்பது துறைமுக விதி. கட்டினேன். அரைமணி நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் எட்டுப் போலீசாரோடு வந்து இறங்கினார். தோணித்துறையைச் செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் பிடித்துவிட்டதாக யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். விதிப்புத்தகத்தைக் காட்டினேன். அவர் நன்றாகப் படித்துவிட்டு, "அது சரி, வேற கலர்ல கட்டப்படாதா?" என்று கேட்டார்.

பீப்பாய்கள் ஒரு சொட்டுச் சிந்தாமல் கரை ஏறின. இதற்காக மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதே கப்பலில் திரும்பப் போக இருந்த சரக்கு ஆயிரம் மூட்டைத் தவிடு.

தவிடு என்றதும் சிரிக்கிறீர்கள், இல்லையா? நானும் சிரித்தேன். சின்ன வயதில் என் அக்கா, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்டா" என்று சொல்லித்தான் என்னை அழவைப்பாள். தவிட்டின் மதிப்பு எனக்கு அவ்வளவு பழக்கம். இது எண்ணெய் எடுத்த தவிடு. அரிசி ஆலைத் தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிழிந்துவிட்டு மிச்சத்தை மாட்டுத் தீனியாக வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நாலு நாளைக்கு முன் பெய்த மழையில் மூட்டைகள் பாதி நனைந்துவிட்டன. களத்தில் கொட்டிக் காயவைத்து மறுபடி கட்டிவிட்டதாக ஆலைக்காரர்கள் எழுதி அனுப்பினார்கள். எழுத்தில் இருந்தால் நான் நம்பிவிடுவேன், அப்படி ஒரு வளர்ப்பு.

முதல் நாள் நானூறு மூட்டை ஏறியது. காலைப் பனியில் நடுங்கிக்கொண்டு வந்த சுமைக்காரர்கள், "முதுகுக்கு வெதுவெதுன்னு இருக்குங்க" என்று சந்தோஷமாகத் தூக்கினார்கள். "குளிருக்கு நல்லதுதானே, அதுக்குத் தனியா காசு கேக்கல நான்" என்று ஜோக் அடித்தேன். அவர்களும் பாவம், சிரித்துவைத்தார்கள். சாயங்காலம் தூறல் விழுந்ததால் சரக்கறையைப் பலகை போட்டு மூடி, மேலே தார்ப்பாய் கட்டினார்கள். 'சரக்கைச் சோதித்தேன், உலர்ந்தும் குளிர்ந்தும் உள்ளது' என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். சோதித்தது பேனாவில் மை இருக்கிறதா என்பதை மட்டும்தான்.

மறுநாள் காலை கிடங்கு வாசலில் வேலை நின்றிருந்தது. மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டுச் சுமைக்காரர்கள் ஓரமாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பாக்கியம்.

பாக்கியம் கிடங்கில் கிழிந்த சாக்குத் தைக்கும் பெண். நாற்பது வயது இருக்கும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அறுப்பு வேலையில் இருந்தவள். அரைப்படி கூடக் கேட்ட கூட்டத்தில் முன்வரிசையில் நின்றதால் அந்த ஊரில் யார் வயலிலும் இறங்க முடியாமல் இங்கே கோணி ஊசி பிடிக்க வந்திருந்தாள். இந்த வரலாறு எனக்குத் தெரியும். அவள் சொன்ன ஒரு வார்த்தையும் என் காதில் ஏறாததற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"கிளார்க்கய்யா, மூட்டை சுடுதுங்க. இத கப்பல்ல ஏத்தாதீங்க."

"வெயில்ல கெடந்தா சுடத்தான் செய்யும்."

"வெயில்பட்ட மேல் மூட்ட ஜில்லுன்னு இருக்குங்க. அடுக்கி வச்ச அட்டியில நடுவுல இருக்கிறதுதான் சுடுது. ஈர வைக்கோல போர் போட்டா உள்ளுக்குள்ள வெந்து கருகுமே, அதேதாங்க இது. நேத்து ஏத்துனதையும் எறக்கச் சொல்லுங்க."

"சங்கத்துல சொல்லி அனுப்புனாங்களா?"

"சங்கமா சுடுது? மூட்ட சுடுதுங்க."

சுமைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்பாவின் கார்டு ஞாபகத்துக்கு வந்து கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அறுப்பு சமயத்தில் அங்கே வயலில், கப்பல் புறப்படும் சமயத்தில் இங்கே தோணித்துறையில். நல்ல நேரம் பார்த்துக் கழுத்தில் கத்தி வைக்கிறார்கள் என்று மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

மேனேஜர் என்னைவிட அனுபவசாலி. அதாவது என்னைவிடச் சீக்கிரம் தப்பான முடிவுக்கு வரக்கூடியவர். நேராக வந்து நின்றார். "இந்தா பாரும்மா, சுத்தி வளைக்க வேணாம். பன்னண்டு மணிக்குப் பயணி ஏறணும், நாலு மணிக்குக் கப்பல் போகணும். மூட்டைக்கு இவ்வளவுன்னு கூட்டித் தரேன். சாக்குத் தைக்கிறவங்களுக்கும் சேத்து. தூக்கச் சொல்லு."

சுமைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் மூட்டை தூக்கத் தலைத்துண்டைச் சுருட்டிக்கூட வைத்துவிட்டான். பாக்கியம் தலையை ஆட்டினாள்.

"கூலி வேணாங்க. ஏத்தாதீங்க."

தம்பிமார்களே, தங்கைமார்களே, அந்த வருஷம் தஞ்சை ஜில்லாவில் கொடுத்த கூலி உயர்வை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஜீவன் அவளாகத்தான் இருப்பாள். அங்கேதான் எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. கேட்டதைக் கொடுத்தும் வாங்கவில்லை என்றால், நாம் நினைத்ததை அவள் கேட்கவே இல்லை என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை நேரம் ஆனது.

மேனேஜருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை. விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கிறேன் என்று பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு ஆள் அனுப்பித் தெர்மாமீட்டர் வரவழைத்தார். குழந்தைகளுக்குக் காய்ச்சல் பார்க்கிறது. அதை அட்டியின் நடுவில் இருந்த மூட்டையில் செருகிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டாக்டர் மாதிரி நின்றார். வெளியே எடுத்தபோது பாதிதான் வந்தது. மீதி உள்ளே வெடித்திருந்தது. "மட்டமான கம்பெனி" என்றார்.

பாக்கியம் சுவரில் மாட்டியிருந்த குத்தூசியை எடுத்தாள். மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் இரும்பு ஊசி. தினமும் என் கையில் இருப்பதுதான். அதில் வரும் தவிட்டை முகர்வேன், நிறம் பார்ப்பேன், ஊசியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அவள் அதைக் கைப்பிடி வரை இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு, உருவி என்னிடம் நீட்டினாள். "கையால பாருங்க."

பிடித்தேன். அடுத்த நொடி ஊசி கீழே கிடந்தது, நான் உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையிலும் வைக்கோல் போர் உண்டு. ஈரத்தோடு போட்டால் தானாகவே வேகும் என்று எனக்கும் தெரியும். அப்பா போருக்குள் கையை விட்டுப் பார்த்து, பிரித்துப் போடச் சொல்லுவதைப் பத்துத் தடவையாவது பார்த்திருக்கிறேன். ஆனால் அது வயல் விஷயம், இது ஆபீஸ் விஷயம். பேப்பரில் 'மாட்டுத் தீனி' என்று இருந்தது. மாடு தின்பது எப்படிக் கப்பலைத் தின்னும்? பிழிந்த பிறகும் தவிட்டில் கொஞ்சம் எண்ணெய் தங்கும், அதோடு ஈரமும் சேர்ந்து மூட்டையோடு மூட்டை நெருக்கி அடுக்கினால் தீக்குச்சியே வேண்டாம் என்று உங்கள் புத்தகம் இப்போது அழகாக எழுதியிருக்கிறது. படித்தேன். பாக்கியம் சொன்னதில் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

மிச்சம் அறுநூறு மூட்டை கரையில் நின்றுவிட்டது, சரி. உள்ளே இருந்த நானூறு? மேனேஜர் என்னைத் தனியே இழுத்தார். "இருக்கட்டும்யா. கடல் காத்துல ஆறிடும். நாலு மணிக்குக் கெளம்பிட்டா அப்புறம் கப்பல்காரன் பாடு." அதற்குள் பயணிகள் தோணியில் ஏற ஆரம்பித்திருந்தார்கள். நான் "தோணிக் கணக்கு பாத்துட்டு வரேன் சார்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் அடுத்த தோணியில் தொற்றிக்கொண்டேன்.

உடனே என்னை வீரன் ஆக்கிவிடாதீர்கள். தோணியில் போகும்போது முழுக்க ஒரே கணக்குத்தான் போட்டேன். மூட்டையை இறக்கச் சொன்னால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் நேற்றைய சான்றிதழை எடுத்துக் காட்டுவார்கள். அதில் இருப்பது என் கையெழுத்து. சும்மா இருந்துவிட்டால் நாலு மணிக்குக் கப்பல் போய்விடும். நடுக்கடலில் எரிந்தால் தீ எங்கே பிடித்தது என்று யார் கண்டார்கள்? பீடி என்று எழுதிவிடுவார்கள். இப்படியும் ஒரு மனிதன் யோசிப்பானா என்று கேட்காதீர்கள். வேலை போகும் நிலைமை வரும்போது நீங்களும் யோசிப்பீர்கள். யோசித்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

மேல்தளத்தில் ஏறியதும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். நாகூர்ப் பெண். பினாங்கில் கடை வைத்திருக்கும் கணவனிடம் முதல் தடவையாகப் போகிறாள். டிக்கெட் எழுதியது நான்தான். மூடியிருந்த சரக்கறையை ஒட்டிப் பாய் விரித்திருந்தாள். அதன் தார்ப்பாய் மேலேயே ஒரு துணியை மடித்துப் போட்டுக் கைக்குழந்தையைத் தூங்கவைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்ல எடமா கெடச்சிருச்சு அண்ணே. மத்த எடமெல்லாம் காத்து ஊசியா குத்துது. இங்க மட்டும் அடுப்பங்கரை மாதிரி இதமா இருக்கு. பச்சப்புள்ளைக்கு நல்லதுல்ல?"

தார்ப்பாயில் கை வைத்தேன். சுட்ட கை அது, ஆனாலும் சூடு தெரிந்தது. முந்தின நாள் நான் அடித்த ஜோக்கை அவள் எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பிஞ்சு முகத்தில் வியர்வை பூத்திருந்தது. எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம், ஒளிப்பானேன்.

"புள்ளைய தூக்கும்மா" என்றேன். கத்தியிருப்பேன் போலிருக்கிறது, குழந்தை அழுதது.

சரக்குக்குப் பொறுப்பான கப்பல் அதிகாரி வட இந்தியர், எதற்கும் எழுத்து கேட்பவர். சரக்கறையைத் திறக்க வேண்டும் என்றதும் என் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். குளிர்ந்தது என்று எழுதியிருக்கிறதே, யாருடைய கையெழுத்து என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, நேற்று நான் எந்த மூட்டையையும் தொட்டுப் பார்க்கவில்லை, அந்தச் சான்றிதழ் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் ஆங்கிலத்தில் அன்றைக்கு மட்டும் ஒரு பிழைகூட இல்லை.

பயணிகளைக் கப்பலின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். குழாய்களில் தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு பலகையைத் தூக்கினார்கள். திறந்தால் காற்றுப் பட்டுத் தீ கிளம்பும், திறக்கவே கூடாது என்று இன்று உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். எங்களுக்கு அது தெரியாது. பிழைத்தது எங்கள் சாமர்த்தியம் என்று எண்ணிவிட வேண்டாம். ஆவி குப்பென்று வந்தது, கூடவே அடிபிடித்த கஞ்சி வாசனை. மேல் மூட்டைகள் ஈரமாக வெந்திருந்தன. நாலாவது வரிசையில் சாக்கு பழுப்பு. ஆறாவது வரிசையில் ஒரு மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்ததும் சாக்கு பொடிந்தது, உள்ளே செக்கச்செவேல் என்று கனன்றது. தண்ணீரை அடித்தார்கள். அந்த அதிகாரி என் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூட்டைகள் எல்லாம் தோணியில் கரைக்குத் திரும்பின, தார்ப்பாய் மேல் தூங்கிய குழந்தையின் கதையும் தோணிக்காரர்கள் வாயோடு கிடங்குக்கு வந்து சேர்ந்தது. அபாயச் சரக்கு அல்லவா, இந்தத் தடவை தவிட்டுக்குச் சிவப்புக் கொடி கட்டினேன். சொல்லிவைத்தாற்போல் அதே சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். எந்த ஆளையும் பிடிக்காமல், மூட்டையைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டு போனார். அவர் என்னைவிட அறிவாளி. கப்பல் மறுநாள் காலை தவிடு இல்லாமல் புறப்பட்டது. நாகூர்ப் பெண்ணும் குழந்தையும் நல்லபடியாகப் பினாங்கு போய்ச் சேர்ந்தார்கள். அவள் கணவனிடமிருந்து எனக்குக் கடிதம்கூட வந்தது, மனைவியின் நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டேன் என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டு.

இங்கே நிறுத்தினால் நான் நல்ல பெயரோடு போய்விடலாம். எனக்கே அது பிடித்திருக்கிறது. ஆனால் விஷயம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஒரு நாள் தாமதத்துக்குத் தலைமை ஆபீஸ் விளக்கம் கேட்டது. கப்பல் அதிகாரி என் தாளை எவரிடமும் காட்டவில்லை. நல்ல மனிதர், அல்லது தனக்கும் வம்பு வரும் என்று தெரிந்தவர். மேனேஜர் அறிக்கையைத் தட்டச்சு செய்து என் முன் வைத்தார். 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில், 'தொழிலாளர் தகராறு. கூடுதல் கூலி கேட்டுச் சரக்கேற்ற மறுப்பு' என்று இருந்தது.

"சார், தவிடு…"

"தவிடுன்னு எழுதுனா உன் சான்றிதழ் வரும். என் பேரும் வரும். தகராறுன்னு எழுதுனா எவனும் ஏன்னு கேக்க மாட்டான். ஜில்லா பூரா அதானே நடக்குது? போடுய்யா."

போட்டேன். ஒரு தாளில் உண்மை எழுதும் அளவுக்குத்தான் என்னிடம் தைரியம் இருந்தது, இரண்டாவதற்கு இருப்பு இல்லை. தலைமை ஆபீஸிலிருந்து மேனேஜருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, தகராறைத் திறமையாகச் சமாளித்ததற்கு. தகராறு செய்தவர்களை நீக்கும்படி கூடவே ஓர் உத்தரவும் வந்தது. ஆண்களை நீக்கினால் மூட்டை தூக்க ஆள் கிடைக்காது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், பாக்கியத்தை நீக்கினார்கள். கணக்கு தீர்த்து அனுப்பிய அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டேன். வயிற்று வலி என்று எழுதியதாக ஞாபகம்.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவைப் பார்க்க மன்னார்குடிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் டயர் பஞ்சர். இறங்கி நின்றபோது ரோட்டோர வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. குனிந்த வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். ஒளிந்துகொள்ள ஒரு தென்னைமரம்கூடப் பக்கத்தில் இல்லை.

"கிளார்க்கய்யாதானே? அந்தப் புள்ளக்காரி ஊரு போயி சேந்துச்சாங்களா?"

"சேந்துச்சு. நல்லாருக்காங்களாம்."

"அப்ப சரி." நாற்றுமுடியைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். "இப்பல்லாம் குத்தூசி போட்டுப் பாக்குறீங்களா?"

"நானேதான் பாக்குறேன். கையால."

"ம்."

அன்றைக்கு ஊதிக்கொண்டிருந்த உள்ளங்கை இப்போது எரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அறிக்கை விஷயம் இவளுக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது, நாமே எடுத்துக்கொடுப்பானேன் என்று மூடிக்கொண்டேன். சுமைக்காரர்கள் சொல்லியிருப்பார்கள் என்று என் மண்டைக்கு எட்டவில்லை. அவள் வயல் தண்ணீரில் கையை அலசிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை, சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

"கூலி கூடக் கேட்டு நான் தகராறு பண்ணுனேன்னு எழுதிட்டீங்களாமே. முன்னாடியே தெரிஞ்சிருந்தா கேட்டே இருப்பேனேய்யா" என்று சொல்லிவிட்டு, மறுபடி குனிந்து நட ஆரம்பித்தாள்.